எஃப் எட்டு என்றால் அரைக்கால்

நெல்பேட்டை சிக்கந்தர் கேமராவைக் கையில் தரும்போது
சொன்னது இரண்டே விஷயம்.
கண்ணாடியை முந்தானையால் துடைக்காதீங்க.
இந்த லென்ஸ் கிட்டயும் இழுக்காது, தள்ளியும் விடாது,
நடக்க வேண்டியது நீங்கதான்.

பதினோராயிரம், மூன்று தவணை.
பூஞ்சை இல்லை என்று டார்ச் அடித்துக் காட்டினான்.
உள்ளே ஊதாவாக ஒரு வெளிச்சம், பச்சையாக ஒன்று,
என் முகம் ஒன்று நேராக,
இன்னொன்று தலைகீழாக.

வளையத்தில் எண்கள். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு,
இடையிடையே புள்ளி வைத்த சில்லறைகள்.
எண் சிறுத்தால் துளை பெருக்கிறது.
எண் பெருத்தால் சிறுக்கிறது.
பதினான்கு வருடமாகக் கீழமாரட் வீதியில்
வெங்காய மண்டிக்குக் கணக்கு எழுதுகிறேன்.
எட்டு மூட்டை இரண்டு மூட்டையைவிடக் குறைவு என்று
எந்த லாரிக்காரனும் என்னிடம் சொல்லித் தப்பியதில்லை.

மூன்று ராத்திரி எரிச்சல்.
நான்காம் நாள், இறக்குகூலியைப் பிரித்து எழுதும்போது
பேனா நின்றது.
அது மூட்டை இல்லை, பங்கு.
இரண்டு பேருக்குப் பிரித்தால் அரை.
நான்கு பேருக்குக் கால்.
எட்டுப் பேருக்கு அரைக்கால்.
பதினாறு பேருக்கு வீசம்.
ஐம்பது மில்லிமீட்டரை இரண்டாக வகுத்தால்
ஒரு ரூபாய் நாணயம் நுழையும் வாசல்.
பதினாறாக வகுத்தால் மூன்று மில்லி.
மிளகு நுழையாது, வெளிச்சம் நுழையும்.

சிரித்துவிட்டேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.
கணக்கு சரியாத்தான் இருக்கு என்றேன்.

மறுநாள் விடியலில் நாசிக் லாரி.
வெளிச்சம் பற்றாமல் அரையில் திறந்து வைத்து
கருத்தபாண்டியை எடுத்தேன்.
தோளில் மூட்டை, நெற்றியில் வேர்வை,
என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றார் அந்த மனுசர்.
திரையில் பெரிதாக்கினால்
சணல் நூல் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி,
மூட்டை வாயின் முடிச்சு அப்படியே.
அவர் முகம் மட்டும்
ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.
எட்டிப் பார்த்துச் சொன்னார்:
மூட்டை நல்லா வந்திருக்கு தாயி.

அரையில் திறந்தால் தெளிவு ஒரு சாண்கூட இல்லை.
அந்தச் சாணுக்குள் யாரை நிறுத்துவது என்று
நான் முடிவு செய்யாவிட்டால்
லென்ஸ் மூட்டையை எடுத்துக்கொள்ளும்.

ஒரு ஞாயிறு மட்டும் சிக்கந்தரின் இருநூறு வந்தது.
கனம், இரண்டு கிலோ வெங்காயம்.
ஒத்தக்கடையில் நின்று யானைமலையை இழுத்தேன்.
மலை கிளம்பி வந்து
மேலூர் பஸ்ஸின் முதுகில் உட்கார்ந்தது.
கண்டக்டருக்குத் தெரியவில்லை.
அழகுதான். ஆனாலும் நான் நடக்கவேயில்லை,
மலையும் வரவில்லை,
யாரோ நடுவில் இருந்த இரண்டு மைலைச்
சுருட்டி ஒளித்துவிட்டார்கள்.
சாயந்திரமே திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு இறக்குகூலிக்காரர்கள் எட்டுப் பேரையும்
சேர்த்து எடுக்க ஆசை.
அடங்கவில்லை. பின்னால் நகர்ந்தேன்.
சாக்கடைப் பலகை, தள்ளுவண்டி, மாட்டு வால்,
எதிர்க்கடைப் பூண்டு மூட்டை முதுகில் முட்டும்வரை.
எட்டுப் பேர், எட்டில் வைத்தேன்.
ஆளுக்கு அரைக்கால்.
துளை சிறுத்த கடனை நேரத்தில் கட்ட வேண்டும்,
காலை ஆறு மணி, ஷட்டர் மெதுவாக இறங்கியது,
மூச்சை அடக்கிக்கொண்டேன்.
அப்போதுதான் பின்னால் லாரி ஹாரன்.

ஏழு பேர், மீசை மயிர் வரை தெளிவு.
திரும்பிப் பார்த்த கருத்தபாண்டி
சட்டை நிறத்தில் ஒரு தீற்றல்.

மன்னிப்புப் போல இரண்டு படத்தையும் காட்டி
வேற எடுக்கிறேன் என்றேன்.
நேரமாச்சு என்று தலையில் துண்டைச் சுற்றியபடி
முதல் படத்தில் விரலை வைத்தார்.
இதையே பிரிண்டு போட்டுக் குடு.
அந்த முடிச்சு நான் போட்டது.