பன்னிரண்டு டிகிரி

உங்கள் எடையைச் சொல்ல வேண்டாம்.
எதிரில் வந்து நின்றாலே தெரிந்துவிடும்
எந்த ரப்பர் உடை எந்த உடம்புக்கென்று.
பதினோரு வருடமாக
கிளைன்மண்ட் துறையின் இந்த நீலக் கொட்டகையில்
உங்களைப் போன்றவர்களை அதற்குள் திணித்து
முதுகில் ஜிப்பை இழுத்துவிடுகிறேன்.
மூச்சை வெளியே விடுங்கள். ம். இன்னும்.

காலையில் கேப் டவுனிலிருந்து கிளம்பியிருப்பீர்கள்.
மலை ஒரு தோளால் இடிக்க
கடல் மறு தோளால் இடிக்க
நடுவே நெளிந்து வருகிற சாலை.
வளைவுக்கு வளைவு நிறுத்திப் படமெடுத்திருப்பீர்கள்.
ரோய் எல்ஸில் ஒரு பபூன் குரங்கு
கார்க் கதவைத் தானே திறந்து
ரொட்டிப் பொட்டலத்தோடு போயிருக்கும்.
உங்களுக்கு மட்டும்தான் நடந்ததுபோலச் சொல்வீர்கள்.
முதல்முறை கேட்பதுபோலக் கேட்பேன்.
அதுவும் சம்பளத்தில் சேர்த்தி.

தண்ணீர் பன்னிரண்டு டிகிரி.
"குளிர் எனக்குப் பழக்கம்" என்றாள்
லைப்ஸிக்கிலிருந்து வந்த ஹைக்கே.
முதல் அலை கழுத்து வழியே உள்ளே இறங்கியதும்
அவள் போட்ட கூச்சலில்
பாறையிலிருந்த நீர்க்காகங்கள் மொத்தமும் எழுந்தன.
பிறகு முகத்தை நீருக்குள் வைத்தாள்.
நாற்பது நிமிடம்
சத்தமே இல்லை.

கரையேறியபோது உதடு நீலம், பல் தந்தியடித்தது.
"கீழே ஒரு காடு" என்றாள்.
"வெயில் பாசிக் கிளை பிடித்து இறங்குகிறது.
பூனைக்குட்டி அளவில் ஒரு சுறா
என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது."
தேநீர்க் கோப்பையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள்.
"ஆனால் அந்தப் பெரிய பாறைகள் மொட்டையாக இருந்தனவே,
அங்கே எதுவும் வாழாதா?"

படகோட்டி கோபஸ் என்னைப் பார்த்தான்.
நான் கெட்டிலைப் பார்த்தேன்.

வாழ்ந்தது.
உள்ளங்கை அகலப் பெர்லமூன் சிப்பிகள்,
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு.
என் தம்பி டெனோவனுக்கு
அந்தப் பாறைகளை விரல்நுனியால் தெரியும்.
அமாவாசைகளில் போவான், விளக்கில்லாமல்.
ஒரு மூட்டை, எங்கள் கூரைக்குப் புதுத் தகரம்.
எங்கோ ஒரு கல்யாணப் பந்தியில்
அந்தத் தகரத்தை மெல்லிசாக நறுக்கித்
தின்றிருப்பார்கள்.
சிறையில் அவனுக்கு இது மூன்றாவது வருடம்.

அவன் உடை இங்கேதான் தொங்குகிறது.
பெரிய அளவு, இடது முழங்காலில் ஒட்டு.
ஆள் கூடும் நாட்களில் அதையும் கொடுத்துவிடுவேன்.
ஹைக்கேயின் கணவர் இன்று போட்டுப் போனது அதைத்தான்.
"கச்சிதம்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நான்கு மணிக்குக் கிளம்பினார்கள்,
ஹெர்மானஸுக்கு, திமிங்கிலம் பார்க்க.
உடைகளை உள்வெளியாகத் திருப்பி
நல்ல தண்ணீரில் அலசினேன்.
மணல், ஒரு ஹேர்பின், மறுபடி மணல்.
ஒட்டுப்போட்டதைக் கம்பியில் மாட்டியபோது
அந்த மனிதரின் தொந்தி
கொஞ்ச நேரம் அதில் இருந்தது.
பிறகு இல்லை.

நாளைக்குப் பதினாறு பேர்.
தென்கிழக்குக் காற்றென்றால் ரத்து.