தரை மாற்ற ஆகும் செலவு

பள்ளிக் கமிட்டியாருக்கு, சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட்.

நீங்கள் கேட்டது ஒரு கொட்டேஷன்.
பழைய பலகையைப் பிரித்துப்
புதுசு போட எவ்வளவு ஆகும் என்று.
எண்பதாம் ஆண்டு மலருக்குச் சரித்திரத்தை
வேறு யாரோ எழுதுகிறார்கள், தெரியும்.
எனக்கு ஆட வராது.
மூன்று முறை இந்தத் தரைக்கு அடியில் ஊர்ந்திருக்கிறேன்,
அவ்வளவுதான்.
அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். விலை கடைசியில்.

மரம் ஒரிகான் பைன்.
துறைமுகத்தில் உடைந்த சரக்குப் பெட்டிகள் ஏலத்துக்கு வந்தபோது
மாரிமுத்து படையாச்சி ஏழு பவுனுக்கு எடுத்தது.
அடியில் டார்ச் அடித்தால் இன்னும் தெரிகிறது கறுப்பு எழுத்து:
இந்தப் பக்கம் மேலே.
எண்பது வருஷமாக அந்தப் பக்கம் கீழேதான்.

கேட்டோ மேனரில், வாழைக்காய் மண்டிக்குப் பின்னால்,
தகரக் கொட்டகை.
முதலில் கூத்து மட்டும். திரௌபதியும் ஆண்தான்.
வேஷக்காரன் காமாலையில் படுத்த இரவில்
லாண்டரியில் இஸ்திரி போடும் தனபாக்கியம்
கூந்தலை விரித்துப்போட்டு ஏறிவிட்டாள்.
மறுநாள் பாதிப்பேர் பையன்களை நிறுத்தினார்கள்.
மறுவாரம் ஒன்பது பெண்கள் வந்தார்கள்.
ஆண்கள் குதித்த பலகையில் ஆணி தளர்ந்திருக்கும்.
பெண்கள் தட்டிய பலகை
குழிந்திருக்கும்.

அறுபத்து நாலில் கடிதம்.
வரைபடத்தில் கோடு நகர்ந்துவிட்டதாம், காலி செய்.
கூரைக்கு நஷ்டஈடு உண்டு, தரைக்கு இல்லை,
தரை நிலத்தைச் சேர்ந்தது என்று எழுதியிருந்தது.
என் அப்பா அதை இரண்டு தரம் படித்துவிட்டுக்
கடப்பாறை எடுத்தார்.

ஒரே ராத்திரி.
நூற்று முப்பத்தாறு பலகை. ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் நம்பர்.
நாயக்கரின் காய்கறி லாரி, மூன்று நடை.
மூன்றாம் நடையில் மழை பிடித்துக்கொண்டது.
நம்பரெல்லாம் கரைந்து கோஸ் இலையோடு வழிந்தது.

இங்கே கைக்கு வந்தபடி அடித்தார்கள்.
ஆகையால், தனபாக்கியம்மா நின்ற இடம் என்று
நீங்கள் பூ வைக்கிறீர்களே,
அது அந்த இடம் இல்லை.
அவர் குதிகால் குழித்த பலகை
செருப்பு விடும் மூலையில் கிடக்கிறது.
சண்டைக்கு வரவில்லை. பூ இருக்கட்டும்.

ஹால் சின்னது, பதினோரு பலகை மிச்சம்.
ஒன்று முன்சாமி வீட்டுக் கோழிக்கூட்டுக் கதவு.
இரண்டு பஸ் ஸ்டாப்பில் பெஞ்சு.
ஒன்றில் படையாச்சியைக் கிடத்திக் குளிப்பாட்டினார்கள்.
மீதியைக் கேட்காதீர்கள்,
எங்கள் வீட்டு அடுப்பங்கரை அலமாரி நன்றாக இருக்கிறது.

அடியில் கிடைத்தவை தனிப் பையில் இருக்கின்றன:
சலங்கை மணி நானூற்றுச் சொச்சம், கொண்டை ஊசி,
ராஜா தலை பென்னி, யாருடைய பாலோ பல் ஒன்று,
எண்பத்து நாலில் ஓட்டுப் போடாதே என்று அடித்த நோட்டீஸ் கட்டு.
ஒளித்தது யார் என்று
அப்போதைய செகரட்டரி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

போன வாரம் அளவெடுக்கப் படுத்திருந்தேன்.
மேலே தாண்டேகா தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள்,
குன்யே, குபிலி, குதாத்து என்று
தாளத்தைத் தன் பாஷையில் எண்ணிக்கொண்டு.
இடது காலை மயிரிழை தாமதித்துத்தான் வைக்கிறாள்.
ஒவ்வொரு தடவையும் என் நெற்றியில் மண்.

முடிவு இது.
கரையான் இல்லை. ஆனால் சிலாம்பு விடுகிறது,
ஒரு பிள்ளையின் பாதத்தில் இரண்டு அங்குலம் ஏறியதே.
மாற்றத்தான் வேண்டும்.
பழசு என்று கும்பிட்டுக்கொண்டு
காலைக் கிழித்துக்கொள்ள வேண்டாம்.

மரம், ஆணி, இரண்டு ஆள் கூலி:
அறுபத்தெட்டாயிரம் ராண்ட்.
பழைய பலகை எனக்கென்றால் அறுபத்தாறு.

பிரிப்பதற்கு முன் ஒருநாள்
முழு வகுப்பும் சேர்ந்து ஆட வேண்டும்.
எந்தத் தாங்குகட்டை அசைகிறது என்று
அடியில் படுத்தால்தான் தெரியும்.
நான் இருக்கிறேனே என்று
யாரும் மெதுவாக ஆட வேண்டாம்.

இப்படிக்கு,
தேவராஜ் கோவெண்டர், தச்சன்.