அடித்தல் திருத்தல்

கீழே வர்க்கி அடுப்பு எரிவதால்
எங்கள் அறைக்குத் தரைதான் கணப்பு.
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருவோம்.
கோத்தகிரி டிசம்பரில் கொள்கை பேச
உள்ளங்கால் சூடாக இருக்க வேண்டும்.

வருவதாகக் கட்டைவிரல் காட்டியவர்கள் பதினாறு பேர்,
அதுவும் பூட்டிய ஒரு செயலியில்.
(திறந்த ஒன்றுக்கு மாறுவது பற்றி
மூன்று கூட்டமாகப் பேசி வருகிறோம்.)
வந்தது ஐவர்.
தீர்மானப் புத்தகம் என் மடியில்.
பொருள் ஒன்று: நம் நோக்கம். ஒரே வரியில்.

"எல்லோருக்கும் இலவச மென்பொருள்"
என்றான் டெரன்ஸ். எழுதினேன்.
சுலைகா சிரித்தாள்:
மிக்சி, கிரைண்டர், மின்விசிறி,
அந்த வரிசையில் கடைசியாக நாமா?
அடித்தேன்.

"கட்டற்ற" என்றார் போஜன்.
காற்று வந்து போகிற சொல். எழுதினேன்.
உடனே அவருக்கே சந்தேகம்:
இலை மூட்டைக்குக் கட்டு வேண்டும்,
கால் முறிந்தால் மாவுக்கட்டு வேண்டும்,
எந்தக் கட்டு என்று சொல்லாமல் எப்படி?
அடிக்கவில்லை. அடியில் கோடு போட்டு வைத்தேன்.

"தமிழில் கணினி."
அப்படியானால் வீட்டில் படுகு பேசுகிற போஜன்
எந்த விசையைத் தட்டுவார் என்றாள் சிவபாக்கியம்.
அடித்தேன்.
"உலகை மாற்றுவோம்" என்றது யாரென்று
குறிப்பில் இல்லை.
நானாக இருக்கலாம்.

மின்சாரம் போனது.
மடிக்கணினி வெளிச்சத்தில் நீல முகங்கள் மட்டும்.
அப்போதுதான் நஞ்சி படியேறி வந்தாள்,
போஜனின் ஊர்க்காரி,
கடைசி ஜீப் கிளம்பப் போகிறது என்று சொல்ல.
ஒரு கையில் வர்க்கிப் பொட்டலம்,
மறு கையில் இலைக் கொட்டகைச் சீட்டு.

இருபத்து மூன்று கிலோ நானூறு.
கழிவு எட்டு விழுக்காடு.
நிகரம் இருபத்தொன்று ஐந்நூற்று இருபத்தெட்டு.

"மழையில எட்டு, சரி. இலை நனைஞ்சிருக்கும்.
பத்து நாளா காயுது. இப்பவும் எட்டு.
மெஷின்காரன் கம்பெனியக் கேளுங்கறான்,
கம்பெனிக்காரன் மெஷின் அப்படித்தாங்கறான்.
கம்ப்யூட்டர் சங்கந்தானே நீங்க?
அந்த எட்ட யாரு எழுதினது?
எங்க எழுதியிருக்கு?
அதப் படிக்க முடியுமா?"

நான்கு வருடமாக
பேனரில், பனியனில், கோப்பையில்
மூலநிரல் மூலநிரல் என்று அச்சடித்திருக்கிறோம்.
படிக்க வேண்டும் என்று
ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை.

"முடியாது" என்றாள் சுலைகா.
பெட்டிக்கு ஈய முத்திரை.
உடைத்தால் அபராதம் நமக்கு.

"அப்புறம் என்னதான் பண்றீங்க?"

கீழே ஆரன் அடித்தது. அவள் பதிலுக்கு நிற்கவில்லை.
போஜனும் போனார், ஒரு செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு.

பிறகு பேசியது நிறைய. அதில் பாதி சண்டை.
ஒரு லோட் செல், ஒரு போர்டு,
ஆயிரத்து இருநூறுக்குள் முடியும்
என்று சீட்டின் பின்புறம் வரைந்தாள் சிவபாக்கியம்.
(நஞ்சி சீட்டை மறந்து போயிருந்தாள்.)
"திறக்க முடியாததன் பக்கத்தில்
திறந்த ஒன்றை வைப்போம்.
இதுதான் நோக்கம், எழுதுங்கள்!" என்றான் டெரன்ஸ்.
எழுதினேன்.
"பனியனுக்கு நன்றாக இருக்கும்,
ஆனால் நம் தராசும் பொய் சொல்லலாமே?
அரசு முத்திரை போட்ட படிக்கல்லை
யார் கொண்டு வருவது?" என்றாள் சுலைகா.
அடித்தேன்.

பொருள் ஒன்று: நோக்கம்.
இடம் விடப்பட்டுள்ளது.

பொருள் இரண்டு: ஞாயிறு காலை ஏழு,
கீழ்க்கேரி இலைக் கொட்டகை.
கொண்டு வர வேண்டியவை: லோட் செல், போர்டு,
தார்ப்பாய், இருபது கிலோ படிக்கல்
(ரேஷன் கடையில் கேட்க வேண்டும், சிவபாக்கியம்),
போஜனின் வலது செருப்பு.

அடித்தல் நான்கு. திருத்தல் இல்லை.
ஒரு சொல்லுக்கு அடிக்கோடு.