சோலைவரி

முருகன் படம் விழுந்து கண்ணாடி உடைந்த அன்று
சட்டத்தின் பின்னால், அட்டைக்குப் பதிலாக
நாலாய் மடித்துச் செருகிய ஒரு ரசீது.
நாவலப்பிட்டி நகரசபை. சோலைவரி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, முதல் அரையாண்டு.
ஒரு ரூபாய் அறுபத்திரண்டு சதம்.

எங்களுக்குச் சோலையும் இல்லை, வரியும் இல்லை.
அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார்:
ஆறாம் நம்பர் லயம், மூன்றாம் காம்பரா,
பிறந்ததும் அதில், பிள்ளை பெற்றதும் அதில்.

அரைநாள் லீவு போட்டேன்.
அனோமா மிஸ் ஆவண அறைச் சாவியைத் தேடி எடுத்து
மூக்கை லேஞ்சியால் கட்டிக்கொண்டு
"எந்த வார்ட்?" என்றார்.
வார்ட் தெரியாது. பெயரும் தெரியாது.
பெயர் இருந்த இடத்தைக் கரப்பான் தின்றிருந்தது.
கொத்மலை வீதி, 47/3. அவ்வளவுதான் மிச்சம்.

பேரேட்டை இருவருமாய்த் தூக்கினோம்.
நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த தோல் அட்டை,
உள்ளே கறையான் போட்ட தனி ரோட்டு.
உரிமையாளர், குடியிருப்பவர், சுவர், கூரை,
வருட மதிப்பு, வரி, நிலுவை, குறிப்பு.
உறவு என்றொரு நிரல் இல்லை.

முப்பத்தெட்டில் அவள் பெயர் பவாய்.
முப்பத்தொன்பதில் பாவா.
நாற்பதில் பாவி என்றே விழுந்திருக்கிறது.
காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிப்போன எவனோ கிளாக்கர்.
மிஸ் மூன்றையும் எழுத்துக்கூட்டி வாசிக்க
பாவாயி, என்றேன்.
எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர்
என் வாயில் சுலபமாக வந்தது.

பாவாயி. குடியிருப்பவர்: தானே.
மண் சுவர், தகரக் கூரை.
நாற்பத்தொன்றில் தகரத்தை அடித்து 'ஓடு' என்று மாற்றியிருக்கிறார்கள்.
எந்தக் காசில் ஓடு போட்டாள்?
எந்தத் துரை பற்றுச்சீட்டு எழுதி
கூடையை இறக்கி வைத்துப் போ என்றான்?
தோட்டத்துக்கு இந்தப் புத்தகத்தில் இடமில்லை.
நகர எல்லை பாலத்தோடு முடிகிறது.
அந்தப் பக்கம் எண்ணூறு பேர், ஒரு வரி இல்லை.
வரி கட்டியவருக்குத்தான் வரி.

நாற்பத்துமூன்று, சிவப்பு மை:
நிலுவைக்காகக் கைப்பற்றியது
தையல் மெஷின் ஒன்று, முக்காலி ஒன்று.
அடுத்த அரையாண்டில் தண்டத்தோடு கட்டியிருக்கிறாள்.
திருப்பிக் கொடுத்தார்களா?
அதற்கும் நிரல் இல்லை.

நாற்பத்தேழில், குடியிருப்பவர்: குப்பாண்டி.
என் தாத்தா.
மூன்றாம் காம்பராவை விட்டு ஒரு ராத்திரியும்
வெளியே படுக்காதவர் என்று பேர் எடுத்தவர்.
ஐம்பத்திரண்டில் இருவர் மீதும் ஒரே கோடு,
அடிமட்டம் வைத்து இழுத்தது.
மேலே வேறு பெயர், வேறு கையெழுத்து.
குறிப்பு நிரல் வெறுமை.

பிரதி எடுக்க ஐம்பது ரூபாய்.
ரசீதில் தவமலர் என்பதைத் தவமல் என்று எழுதினார் மிஸ்.
திருத்தச் சொல்ல வாயெடுத்தேன்,
விட்டுவிட்டேன்.

47/3 இப்போது இரண்டு கடை.
ஒன்றில் ரீலோட், ஒன்றில் கோழி இறைச்சி.
கூரையை போர்டு மறைத்திருந்தது.
எதிரே குடைக்குள் நின்று
கூடலூர் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அடித்தேன்.
அறுபத்தொன்பதில் கப்பலேறியவள்.
எதைக் கேட்டாலும் முதலில் சாப்பிட்டாயா என்பாள்.

"பாவாயி யாரு அத்தே?"

மழை இரைந்தது. அங்கேயா இங்கேயா தெரியவில்லை.

"வரி கட்டலைன்னு மெஷின எடுத்துட்டாங்களாமே,
திரும்பிக் கெடைச்சிச்சா?"

"மெஷினா," என்றாள்.
"இந்தா, எங் கட்டிலுக்குப் பக்கத்துலதானே நிக்குது."

பிறகு, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் குரலை இறக்கி,
"யாரு ஒனக்குச் சொன்னது?"