மேஃபெயர் இருந்த கட்டம்

புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத்தெருவில்
மூலை நசுங்கிய பெட்டி என்பதால்
பாதி விலைக்குத் தந்தார்கள் மொனோபொலியை.
உள்ளே லண்டன்.
வாப்பாவுக்கு லண்டனில் அலுவல் ஒன்றும் இல்லை.
அச்சகத்தில் மிஞ்சிய கடதாசித் துண்டுகளில்
ஊர்ப்பெயர் அடித்துக்கொண்டு வந்து
கட்டம் கட்டமாக ஒட்டினார்.
மலிவான மண்ணிறத்தில் கிராண்ட்பாஸ்,
பச்சையில் பம்பலப்பிட்டி,
கடுநீலத்தில் கறுவாத்தோட்டம்.
அதையும் தாண்டி, ஆக விலைகூடிய கடைசிக் கட்டத்தில்
நாங்கள்:
கொம்பனித்தெரு, இலக்கம் 41/17.
"இது அநியாயம் வாப்பா," என்றார் இர்ஷாத் நானா.
"அச்சடிச்சாச்சு."

இதை முதலில் வரைந்தது ஒரு பெண்ணாம்,
கடலுக்கு அப்பால், நூறு வருஷத்துக்கும் முன்.
நிலமுள்ளவன் நிலமில்லாதவனை
எப்படி மெல்ல மெல்ல விழுங்குகிறான் என்று
பிள்ளைகளுக்கும் விளங்கட்டும் என்று.
விளங்கியது:
விழுங்குவது எவ்வளவு ருசி என்று.
பிறகு அவள் பெயரை இறக்கிவிட்டு
பெட்டி மட்டும் கப்பல் ஏறியது.

இரண்டு அறை, ஐந்து பேர், மாதம் பிறந்தால் வாடகை.
ஆனால் வெள்ளி இரவு பாயில் குந்தி
நான் மருதானை ஸ்டேஷனை வாங்கினேன்.
கொள்ளுப்பிட்டியில் ஹோட்டல் கட்டி
பெற்ற தாயிடம் வாடகை கேட்டேன்,
சில்லறை பாக்கியில்லாமல்.
ஒரு சுற்று வந்தால் சம்பளம் இருநூறு.
வாப்பாவின் அச்சகத்தில் அந்தச் சட்டம் இல்லை.

காய்கள் தொலைந்தன. கப்பலுக்குப் பதில் கராம்பு.
வாப்பாவுக்கு ஓர் ஈய எழுத்து, 'ழ',
இடம்வலம் மாறி நிற்பது.
உம்மா மட்டும் மறியலுக்குப் போகத் துடிப்பா.
"உள்ளுக்கு இருந்தா வாடகை இல்ல."

அளவுநாடாவோடு அவர்கள் வந்த வருஷம்
எங்கள் சுவரில் சிவப்பில் ஓர் இலக்கம் போட்டார்கள்.
பகடை உருட்டவில்லை.
யாருடைய முறை என்று கேட்கவுமில்லை.

இப்போது தெமட்டகொட. ஒன்பதாம் மாடி. லிஃப்ட் பழுது.
பலகையில் மட்டும் 41/17
இன்னும் விலைபோகவில்லை.
நானூறு.
அதில் போய் நின்ற எவர் கையிலும்
ஒருநாளும் நானூறு இருந்ததில்லை.

நேற்று முஃபீத் பம்பலப்பிட்டியில் நின்றான்.
கொஞ்சம் கூடுதலாகத்தான் வீசினான்.
ஒரு பகடை பாயில் விழுந்தது: ஒன்று.
மற்றது பல்கனிக் கம்பிக்குள்ளால் போனது.
ஓடினான்.
ஒன்பது மாடி இறங்கி, போன் வெளிச்சத்தில் தேடி,
ஒன்பது மாடி ஏறி,
பொத்திய கையோடு நின்று மூச்சு வாங்கினான்.
"ஆறு."

ஒன்றும் ஆறும் ஏழு.
எண்ணிப் பார்த்தோம், பிறகு இன்னொருமுறையும்.
ஏழாவது கட்டம் எங்கள் வாசல்.
"கள்ளம்," என்றார் நானா. பேங்க் அவர் கையில்.
மறியலில் இருந்தபடி
உம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா.
"நான் பாத்தேன். ஆறுதான்."
ஒன்பதாம் மாடியிலிருந்து,
இருட்டில், கண்ணாடி போடாமல்.

முஃபீதிடம் முன்னூற்று முப்பது.
உம்மா பாய்க்குக் கீழிருந்து எழுபதை உருவினா,
வாடகை கட்டாமல் சேர்த்தது.
கடன் கொடுக்கக் கூடாதென்ற சட்டத்தை
நானா வாசிக்கத் தொடங்கினார்,
பாதியில் தாளை மடித்தார்,
உறுதிக் கார்டை எடுத்து நீட்டினார்.

அதில் இன்னும் மேஃபெயர் என்றே இருந்தது.

வாப்பா பேனை கேட்டார்.