காது விளிம்பு

இவாலோவில் டிசம்பர்.
மதியம் இரண்டரைக்கே ஜன்னலில் மைக்கருப்பு.
இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பைச் சுவரில் ஆணியடித்து
இரண்டு விளக்குகளை அதன்மேல் ஏவினேன்.
மூன்றாவது, வெள்ளைக் குடைக்குள், அவளுக்கு.
கெட்டில் போட்டால் ஃபியூஸ் போய்விடும்,
ஆகவே காப்பி கிடையாது என்றதும்
ஐலிக்கு முகம் சுருங்கியது.

அஞ்சல் வண்டி ஓட்டுகிறவள்.
சோபாவை நகர்த்தியும் இடம் போதவில்லை.
குளியலறை வாசலில் நான் முதுகை ஒட்டிக்கொண்டபின்தான்
சட்டத்துக்குள் அடங்கினாள்.

பின்புலம் முகத்தைவிட ஒன்றரை ஸ்டாப் கூடுதல்.
மடியில் தெர்மாகோல் அட்டை,
தாடைக்கடியில் ஒண்டியிருந்த கடைசி நிழலையும்
துரத்த.

திரையில் பார்த்தேன்.
கன்னம் சரி. புருவம் சரி.
இடது காதின் மேல்விளிம்பை மட்டும்
வெள்ளை தின்றிருந்தது.

பின்விளக்கைக் குறைத்தேன்.
இன்னும் குறைத்தேன்.
விரிப்பு சாம்பலாகி மடிப்பெல்லாம் தெரிந்தது,
காது திரும்பவில்லை.

"அதை விடு.
வண்டி பனியில் நின்றுபோன ராத்திரி
குளிர் எடுத்துக்கொண்டது அது.
உன் விளக்கின்மேல் பழி போடாதே."

ஏழு மாதமாக என் கதவைத் தட்டுகிறவள்.
கம்பளித் தொப்பி இல்லாமல்
இன்றுதான் பார்க்கிறேன்.

விளக்குகளைப் பழையபடி ஏற்றினேன்.
அவளாகவே தலையைத் திருப்பி
அந்தக் காதை முன்னால் கொண்டுவந்தாள்.
எடு, என்றாள்.

பதினாலாவது படத்துக்குப் பிறகு
எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டுவிட்டாள்.

வீடு முழுக்க இருட்டு.
சமையலறை எந்தப் பக்கம் என்பதை
அவள் சிரிப்பை வைத்துத்தான்
கண்டுபிடித்தேன்.