வெறும் வயிற்றில்

ஊர்ப் பேரிலேயே ஞாயிறு இருக்கிறது.
காலை நாலரைக்குத் தலைஞாயிற்றில்
அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.
தடவித்தான் எடுக்கிறேன்
பஞ்சு அடைத்த பிளாஸ்டிக் டப்பாவை.

"வெறும் வயித்துல போடணும்" என்ற மருந்துக்கடைப் பெண்
சீட்டில் 'ஏழு வாரம்' என்று படித்ததும்
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நெத்திலிக் கருவாட்டின் கண்ணைவிடக்
கொஞ்சம் பெரிது. ஐம்பது மைக்ரோகிராம்.
ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால்
அதில் ஒன்றுதான் மைக்ரோவாம்.
குழியும் மாவும் வேலியுமாய் அளந்த வீடு எங்களுடையது.
இவ்வளவு சின்னக் கணக்கை
எந்த வாய்க்கால் வரப்பில் வைத்து அளப்பது?

நாகப்பட்டினத்து ஆஸ்பத்திரியில்
டாக்டர் மெஹ்ருன்னிசா சீட்டின் பின்பக்கத்தில்
ஒரு கழுத்து வரைந்தார், கீழே ஒரு வட்டம்,
இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு.
"மொத மூணு மாசம் புள்ளைக்குச் சொந்தமா சுரக்காது.
மூளை கட்டுறதுக்கு நீங்க அனுப்புறதுதான்."

என் வீட்டுக்காரர் மதகில் லஸ்கர்.
பேர் வைரக்கண்ணு. கோடு போட்டதும் புரிந்துவிட்டது.
"அப்ப புள்ளை கடைமடை" என்றார்.
டாக்டருக்குப் புரியவில்லை. இவர் விடவில்லை.
"புழுதியில வெதச்சுட்டு உக்காந்திருப்போம் டாக்டர்.
மேட்டூர்ல தொறந்தாச்சும்பாங்க, கல்லணை தாண்டிருச்சும்பாங்க.
தண்ணி பின்னாடி வரும், எப்படியும் வரும்.
வெத மொளைக்கிற நாளு
பின்னாடி வராது."

சொல்லி முடித்த பிறகுதான்
பக்கத்து ஸ்டூலில் காலாட்டிக்கொண்டிருந்த
தென்னவனைப் பார்த்தார்.

ஏழு வயது. நாலு முடிந்துதான் பேச்சு வந்தது.
மதகில் ஒன்பது ஷட்டர். ஒவ்வொன்றாய்த் தொட்டு
மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, எட்டு என்று போவான்.
ஆறு வராது.
எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும்
அவனுக்கு ஆறு வருவதே இல்லை.

அவன் வயிற்றில் இருந்தபோதும் ரத்தம் எடுத்தார்கள்,
சர்க்கரைக்கு, இரும்புக்கு. இதற்கு எடுக்கவில்லை.
சித்திரை வெயிலில் போர்வை கேட்டேன்.
சீப்பு சீப்பாக முடி வந்தது.
உலை கொதிக்கும்போதே தூங்கிப்போனேன்.
மசக்கை என்றாள் நாத்தனார்.
சோம்பல் என்று அவள் சொன்னது
எனக்குக் கேட்காது என்று நினைத்தாள்.

"இவனுக்கும் இதனாலதானா டாக்டர்?"

பேனாவுக்கு மூடி போட்டார்.
"சொல்ல முடியாதும்மா.
அப்ப உள்ள அளவு நம்மகிட்ட இல்லையே."

ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பேன்.
இல்லை என்றிருந்தால் அதற்கும் அழுதிருப்பேன்.
'சொல்ல முடியாது' என்பதை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியவில்லை.
ஜன்னலோர சீட்டில், திருப்பூண்டி தாண்டும் வரை,
கூடப் பயணச்சீட்டு வாங்காத ஒருத்தி மாதிரி
என் மடியிலேயே உட்கார்ந்து வந்தது.

இரும்பு மாத்திரை மத்தியானத்துக்கு.
ரெண்டையும் சேர்த்துப் போட்டால்
மேல்மடைக்காரன் மாதிரி
வழியிலேயே மடக்கிக்கொள்ளுமாம்.
காப்பிக்கு ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.
இந்த ஒரு மணி நேரத்தில்தான்
எனக்கு எல்லா யோசனையும் வருகிறது.
விழுங்கிய பிறகு கொஞ்ச நேரம்
கழுத்தில் கை வைத்துக்கொள்கிறேன்.
ஓடுகிற சத்தம் ஏதும் கேட்காது, தெரியும்.

இன்றைக்கு டப்பா உருண்ட சத்தத்தில்
தென்னவன் எழுந்துவிட்டான்.
டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு
மிச்சத்தை மூடியில் கொட்டி எண்ணினான்.
ஐந்து. ஏழு. எட்டு.

பதிமூன்று இருக்கிறது என்றான்.
பன்னிரண்டுதான். திருத்த வாயெடுத்தேன்,
அதற்குள் ஒவ்வொன்றாக உள்ளே போட்டு
பஞ்சையும் அடைத்துவிட்டான்.
இருக்கட்டும்.
அவன் கணக்கில் எனக்கு ஒரு நாள் கூடுதல்.

வாங்கப் போவதற்கு மட்டும்
என் கணக்கை வைத்துக்கொள்ள வேண்டும்.

காப்பிக்கு இன்னும் நாற்பது நிமிடம்.